தமிழ் மண்ணில் குதிரைக்குட்டி தேறாதா?

கேள்வி, டிசம்பர் 2, 2023

எங்களுக்கு ஏரல் பக்கம். வண்டிப் பந்தயத்துக்கு வாங்கிய பெட்டைக்குதிரை பங்குனியில் பொலிகுதிரையோடு சேர்ந்து இப்போது சினையாக இருக்கிறது. அப்பா விற்றுவிடலாம் என்கிறார். பக்கத்தில் பழையகாயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவே, இந்த நாட்டில் குதிரை குட்டி போட்டால் கால் கோணித்தான் பிறக்கும் என்று சொல்லியிருக்கிறாராம். ஒரு வாத்தியார் அப்பாவிடம் அப்படிச் சொல்லிவிட்டார். பாண்டியர்கள் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறக்கியதும் அதனால்தானாம். குட்டியை இங்கே வளர்த்து ஆளாக்க முடியுமா, முடியாதா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 3, 2023

முடியும். விற்க வேண்டாம்.

மூலனூர்ப் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து குதிரைகள் ஈன்றுகொண்டிருக்கின்றன. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், இவ்வளவுதான் எங்கள் சொத்து. மாட்டுக்கு என்று வைத்த காட்டில் குதிரையும் சேர்ந்து மேய்கிறது. இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்த குதிரைகள் நேரான காலோடு ஓடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். எங்கள் பவளமும் இப்போது சினைதான். தை நடுவில் எதிர்பார்க்கிறோம். உங்களுடையது மாசியில் வரும். இரண்டு பேரும் சேர்ந்தே காத்திருக்கலாம் தம்பி.

டிசம்பர் 3, இரவு

மார்க்கோ போலோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாத்தியார் சொன்னது பொய்யில்லை. நல்ல சாதிக் குதிரையை நல்ல சாதிப் பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறிப்போக உதவாத குட்டிதான் பிறக்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பாண்டிய அண்ணன்தம்பிகள் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை. வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள். லாடம் அடித்து வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆளைக் கூட்டி வருவதுமில்லை, வருகிறவனையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்!

இதைப் படித்துவிட்டு மண்ணைக் குறை சொல்வது எப்படி நியாயம்? புல் தின்கிற வயிற்றுக்குச் சோறும் கறியும் போட்டு, குளம்பைச் செதுக்க ஆளில்லாமல் விட்டால் எந்த நாட்டிலும் குதிரை தேறாது.

டிசம்பர் 9, 2023

சினைக்காலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சராசரி 340 நாள். 320இலிருந்து 365 வரை எப்போது ஈன்றாலும் சரிதான். குளிர்காலத்தில் ஈனுகிற பெட்டை கொஞ்சம் தள்ளிப்போடும். மாட்டுக்கு வைக்கிற ஒன்பது மாதக் கணக்கை மறந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. ஈனுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னால் டெட்டனஸ் தடுப்பூசி. அப்போதுதான் அதன் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இறங்கிக் குட்டிக்குப் போகும். பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். கோழித்தீவனம் வைக்கிற மூட்டையை லாயத்துப் பக்கமே சேர்க்காதீர்கள். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகள் நிறைய என்பதால் எங்கள் ஊரில் இந்தப் பயம் அதிகம். ரத்தக்கழிச்சலைத் தடுக்கப் பிராய்லர் தீவனத்தில் கலக்கிற மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது. குதிரைக்கு இதயத்தசையை அழித்துவிடும். கைப்பிடி அளவுகூட ஆபத்து. மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனத்திலும் மொனென்சின் இருக்கக்கூடும், சாக்கில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

அப்புறம் சோளம். சினைக்குதிரையைப் பசுஞ்சோளத்தில் மேயவிடக் கூடாது.

டிசம்பர் 10, 2023

"எங்கள் ஊரில் எல்லாரும் சோளத்தட்டுதானே போடுகிறார்கள்?" என்று இன்னொருவர் கேட்கிறார். சோளம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், விளக்கமாகவே சொல்கிறேன்.

பசுஞ்சோளத்தில் ஒரு விஷம் உண்டு, நன்றாக முற்றிக் காய்ந்த தட்டில் அது பெரும்பாலும் போய்விடும். வளரும் பயிர்தான் சிக்கல், அதிலும் சூடான் புல்லோடு கலந்த தீவனச்சோளம். நம் பக்கம் பலமுறை அறுக்கிற கோ எப்.எஸ். 29இல் சூடான் புல்லின் கலப்பு உண்டு. குதிரை அதையே வாரக்கணக்கில் மேய்ந்தால் பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சினையாக இருந்தால் வயிற்றிலிருக்கும் குட்டியின் மூட்டுகள் மடங்கி இறுகிவிடலாம். பிறக்கும்போதே கால் நீட்ட வராது.

இதை எழுதும்போதே ஒரு யோசனை வருகிறது. அன்றைக்குக் கோணிய காலோடு பிறந்த குட்டிகளின் தாய்கள் எதைத் தின்றன? சோளம் இந்த நாட்டில் காலங்காலமாக விளைகிற பயிர். சாட்சி ஒன்றும் கையில் இல்லை, என் ஊகம்தான். ஆனாலும் மண்ணைவிடத் தீவனத் தொட்டியை முதலில் சந்தேகப்படுவேன்.

டிசம்பர் 28, 2023

மழை, வேலை இல்லை. கொஞ்சம் கதை பேசலாம்.

"தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்பே கிடையாது, எல்லாம் இறக்குமதி" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இறக்குமதி பெரிதாக நடந்தது உண்மை. மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கிளம்பிய கதையே அதைத்தானே சொல்கிறது. பாண்டியன் பணம் கொடுத்து அனுப்பினான், இவர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டிவிட்டார், கடைசியில் நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. அந்த ஆவுடையார்கோயில் தூண்களில் குதிரைகளைச் செதுக்கியிருக்கிற நுணுக்கத்தைப் போய்ப் பாருங்கள். கடிவாளத்தின் வார் முதற்கொண்டு கல்லில் இருக்கிறது. குதிரையைக் கிட்டே நின்று நாள்கணக்கில் பார்த்தவன் செய்த வேலை அது.

ஆனால் "கிடையாது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓசூர் கால்நடைப் பண்ணை 1824இல் ஆங்கிலேயர் படைக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கப்பட்டது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தை திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்வார்கள். பவளத்தின் தாயை அப்பாரு அங்கேதான் பிடித்தார். காதுநுனி இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற கத்தியவாரிப் பெட்டை. அது கொறங்காட்டில் ஈன்ற குட்டிதான் பவளம். பவளம் பிறந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

ஜனவரி 14, 2024

மடி இறங்கிவிட்டது. வாலடியில் தசை தளர்ந்து, தொட்டால் குழைகிறது. வயிறு பக்கவாட்டில் இருந்தது போய்க் கீழே இறங்கியிருக்கிறது. குதிரைக்கு இரண்டு காம்புதான். அதன் நுனியில் தேன்நிறத்தில் மெழுகு கட்டினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் ஈனும். பவளத்துக்கு இன்னும் கட்டவில்லை.

லாயத்தில் மரத்தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு வைக்கோல் பரப்பியிருக்கிறோம். ஈரக்குட்டியின் மூக்கில் மரத்தூள் ஒட்டும். தாராபுரத்தில் அமராவதிப் பாசன வயலிலிருந்து வைக்கோல் வந்தது. முழங்கால் உயரத்துக்குப் போடச் சொன்னார் அப்பா.

ஜனவரி 19, 2024

மெழுகு கட்டிவிட்டது. ஆனால் இன்னும் இல்லை.

என் தம்பி ஒரு கேமராவை லாயத்து மூலையில் மாட்டி எல்லார் போனிலும் தெரிகிற மாதிரி செய்துவிட்டான். அப்பாரு போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும், அதுவும் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு. யாராவது நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் வலி தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும். எட்ட நின்று பார்க்கக் கேமரா நல்ல வழி.

ஜனவரி 23, 2024

பெட்டைக்குட்டி! தாயும் குட்டியும் நலம்.

நேற்று இரவு சாப்பாட்டை ஒதுக்கியது. லாயத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. முன்காலால் தரையைக் கீறியது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, கழுத்தும் தொடையிடுக்கும் வேர்த்து நனைந்துவிட்டன. வயிற்றுவலிக்கும் இதே அடையாளம்தான் என்பதால் பார்த்துப் பழகாதவர்கள் பயந்துவிடுவார்கள். வாலைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தோம்.

நள்ளிரவு தாண்டிப் பனிக்குடம் உடைந்தது. அங்கிருந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அரை மணிக்குள் குட்டி வெளியே வந்தாக வேண்டும். மாட்டுக்கு இருக்கிற அவகாசம் குதிரைக்குக் கிடையாது. முதலில் தெரிய வேண்டியது வெள்ளைநிறப் பை. அதற்குள் ஒரு முன்குளம்பு, கொஞ்சம் பின்னால் இன்னொன்று, இரண்டின் அடியும் தரையைப் பார்த்தபடி, முழங்கால் மேல் மூக்கு. இப்படி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். குளம்பின் அடி வானத்தைப் பார்த்தாலோ, ஒரு கால் மட்டும் வந்தாலோ, மூக்கைக் காணோம் என்றாலோ டாக்டர் வர வேண்டும். வெள்ளைக்குப் பதில் சிவப்பு வெல்வெட்டாக ஒரு பை பிதுங்கினால் டாக்டருக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். அந்த நிமிடமே பையைக் கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். இதை மட்டும் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள் தம்பி.

பவளத்துக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. தோள் வரும்போதுதான் முக்கிமுக்கிக் களைத்துப்போனது. தோள் வெளியே வந்த பிறகு படுத்தபடியே ஓய்வு எடுத்தது. குட்டியின் பின்னங்கால் இன்னும் உள்ளே. பக்கத்துத் தோட்டத்து மாமா "இழுத்துவிடு, இழுத்துவிடு" என்று பதறினார். இழுக்கவில்லை. மூக்கைச் சுற்றியிருந்த சவ்வை மட்டும் விலக்கிவிட்டேன். கொடியையும் அறுக்கவில்லை. தாய் எழுந்தபோது தானாக அறுந்தது. தொப்புளைக் குளோர்ஹெக்சிடின் கலந்த நீரில் நனைத்தோம். டிங்சர் அயோடினைக் கெட்டியாகப் போட்டால் தோல் வெந்துவிடும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொண்டுவந்த ஆத்தாவிடம், மஞ்சளைத் தாய்க்குப் பொட்டு வைக்கச் சொல்லிவிட்டோம்.

குளம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்த உடனே குட்டியின் குளம்படியைப் பாருங்கள். வெளிர்மஞ்சளில் நுங்கு போல வழுவழுவென்று, விரல் விரலாகத் தொங்கும். தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் இருக்க வைத்த உறை அது. வைக்கோலில் நாலு அடி வைத்ததும் தேய்ந்து உதிர ஆரம்பித்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் அதைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது, அழுத்தினால் விரல் பதிந்தது. அதைப் பார்த்து "குளம்பு அழுகிப் பிறந்திருக்கு" என்று பயந்து கூப்பிட்டவர்கள் உண்டு. பயம் வேண்டாம்.

எழப் பார்த்து விழுந்தது. பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் மடிகிறது. நாங்கள் தூக்கி நிறுத்தவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. நின்றதும் சுவரைச் சப்பியது, தாயின் முன்காலைச் சப்பியது, என் சட்டையைச் சப்பியது. பவளம் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே மெல்ல மெல்லத் திரும்பிக் கொடுத்தது. கடைசியில் காம்பு கிடைத்தது. வாலை ஆட்டிக்கொண்டு குடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா தேநீர் வைக்கப் போனார்.

ஜனவரி 23, மாலை

காலையில் சந்தோஷத்தில் விட்டுப்போனவை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குள் நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சு (நஞ்சுக்கொடி) விழ வேண்டும். மூன்றாவதில்தான் நம் ஆட்கள் அசட்டையாக இருப்பார்கள். மாட்டுக்கு மறுநாள் வரை பொறுத்துப் பழக்கம். குதிரைக்குப் பொறுக்க முடியாது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலே கருப்பை சீழ்பிடித்து, அந்த விஷம் குளம்பு வரை இறங்கிக் காலே போய்விடும். தொங்குகிறதே என்று இழுக்கவும் கூடாது.

எங்கள் ஊரில் மாடு ஈன்றால் நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம், பால் பெருகும் என்று. குதிரைக்கும் அப்பாரு அதைத்தான் செய்வார். செய்யட்டும். ஆனால் அதற்கு முன்னால் டாக்டர் பார்க்க வேண்டும். நாய், காக்கை தொடாமல் வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருந்து, சாக்கின் மேல் விரித்துப் பரப்பினோம். கால்சட்டை மாதிரி இரண்டு கவைகள் தெரியும். குட்டி இல்லாத கவையின் நுனிதான் அதிகமாக உள்ளே தங்கும், அதைத் தேடிப் பார்த்து முழுசாக இருக்கிறது என்றார் டாக்டர். பிறகு ஆலமரம்.

டாக்டர் கிடைக்காத ஊர் என்றால் 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஜனவரி 25, 2024

சீம்பாலைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு. மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு பிறக்கும். குதிரைக்குட்டிக்கு அந்த வழி அடைப்பு. எல்லாமே சீம்பாலில்தான். அதை உறிஞ்சிக்கொள்ளக் குடல் திறந்திருப்பது முதல் நாள் மட்டும், அதிலும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். நஞ்சு விழுந்த பிறகுதான் மடியை விட வேண்டும் என்று ஊர் ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அதனால் செத்த குட்டிகள் எத்தனையோ. மறுநாள் டாக்டர் குட்டியின் ரத்தத்தைச் சோதித்துச் சீம்பால் ஏறியிருக்கிறதா என்று சொல்வார். எங்கள் டாக்டர் ரத்தத்தெளிவில் குளுட்டரால்டிஹைடு சொட்டுவிட்டுப் பார்த்தார். பத்து நிமிடத்துக்குள் உறைந்தது. உறைந்தால் நல்லது.

குட்டியின் முதல் மலமான காட்டுப்பீயும் போய்விட்டது. கறுத்து, பிசின்மாதிரி வரும். வாலைத் தூக்கித் தூக்கி முக்கியும் வரவில்லையென்றால் எனிமா கொடுக்க வேண்டும். ஆண்குட்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

ஜனவரி 26, 2024

படம் பார்த்த சிலர் "பின்கால் மணிக்கட்டு (குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டு) தரையைத் தொடுகிறதே, கால் கோணல்தானே, போலோ சொன்னது சரிதானே" என்கிறார்கள்.

அது தசைநார் தளர்ச்சி. பல குட்டிகள் அப்படித்தான் பிறக்கும், எந்த நாட்டிலும். தாயோடு தினமும் கொஞ்ச நேரம் கெட்டித்தரையில் நடக்கவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் நிமிர்ந்துவிடும். கட்டு போட்டு இறுக்கினால் இன்னும் தளரும். மாறாக, முன்பக்கம் மடங்கி நிற்கிற கால் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. அன்றைக்குச் சொன்னவர்களும் பிறந்து இரண்டு நாளான குட்டியைப் பார்த்துவிட்டு "கோணல்" என்று முடிவு கட்டியிருக்கலாம். பசுஞ்சோளம் ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. பத்து நாள் பொறுத்திருந்தால் கதையே வேறு.

பிப்ரவரி 2, 2024

கழிச்சல் ஆரம்பித்திருக்கிறது. பதறவில்லை. ஈன்ற ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் தாய்க்கு மறுபடி பருவம் வரும், குட்டிக்கும் அதே சமயம் கழிச்சல் வரும். தாயின் பால் சூடுபிடித்ததால் என்பார் அப்பாரு. குட்டியின் குடலில் புதுக் கிருமிகள் குடியேறுவதால் என்கிறார் டாக்டர். குட்டி தாயின் லத்தியைத் தின்பதும் அதற்காகத்தான், அடிக்காதீர்கள். துள்ளிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருந்தால் வாலடியைக் கழுவி எண்ணெய் தடவினால் போதும். குடிப்பதை நிறுத்திப் படுத்துவிட்டால் அது வேறு, உடனே மருந்து.

முன்பல் இரண்டு முளைத்துவிட்டன. எட்டாம் நாள், எட்டாம் வாரம், எட்டாம் மாதம் என்று ஜோடி ஜோடியாக வரும் என்பது பழைய கணக்கு. ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது.

பிப்ரவரி 11, 2024

எடை கேட்டவருக்கு. பொதுவாகத் தாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு. தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் 2023 மே மாதம் கருமாற்று முறையில் பிறந்த மார்வாரிப் பெட்டைக்குட்டி ராஜ் பிரதமாவின் எடை 23 கிலோ. எங்களுடையது அதைவிடப் பூசினாற்போல் இருக்கிறது, தராசில் ஏற்றினால் நிற்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் பெயர்ச்சண்டை. செவலை உடம்பு, நாலு காலிலும் வெள்ளை, நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளை. பஞ்சகல்யாணி! செய்தி பரவி, சுழி பார்க்கிறவர்கள் மூலனூரிலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் வந்துவிட்டார்கள். நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் எப்படிச் சுழிக்கிறது என்று மணிக்கணக்கில் பேச்சு. ஒருவர் யோகம் என்றார், இன்னொருவர் அதே சுழியைக் காட்டி வீட்டுக்கு ஆகாது என்றார். இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார் ஆத்தா. வந்தவர்களைக் குட்டியைத் தொட விடவில்லை. வெவ்வேறு லாயத்திலிருந்து நேராக வருகிறவர்கள், கையிலும் செருப்பிலும் எது ஒட்டியிருக்கிறதோ.

எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுழி பார்க்கிற பெரியவர்கள் குட்டியின் காலையும் மார்பையும் பார்க்கிற கண் எனக்கு வேண்டும். அவர்கள் சொன்ன நல்லது கெட்டதை விட்டுவிட்டு, எங்கே கை வைத்துப் பார்த்தார்கள் என்று கவனித்தேன். முன்முழங்காலை நேர் எதிரே நின்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பெயர் கல்யாணி. ஆத்தா வைத்தது, மறுபேச்சு இல்லை.

பிப்ரவரி 19, 2024, அதிகாலை

தம்பி, குட்டி பிறந்துவிட்டது, நஞ்சு விழும்வரை மடியில் விடக் கூடாது என்கிறார் அப்பா என்ற உங்கள் செய்தி பார்த்தேன். குட்டி நின்று இரண்டரை மணி ஆகிவிட்டது என்றால் நஞ்சுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே விடுங்கள். அப்பாவிடம் நானே பேசுகிறேன், போனைக் கொடுங்கள். தாய் உதைத்தால் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும், மடியை வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்துத் துடையுங்கள். குட்டி சப்பவில்லை என்றால் சுத்தமான பாத்திரத்தில் கறந்து வையுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குழாய் வழியாக டாக்டர் கொடுப்பார்.

பிப்ரவரி 19, 2024

குடித்துவிட்டது என்று இப்போதுதான் அழைத்தார்கள். நஞ்சும் விழுந்துவிட்டது. ஆண்குட்டி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஆனந்தம். அப்பாரு ஏரலுக்கு வருகிறேன் என்கிறார்!

நாளைக் காலையில் ரத்தம் சோதிக்க மறக்க வேண்டாம். தாமதமாகக் குடித்திருக்கிறது. குறைவாக இருந்தால் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும். தாய்க்குத் தடுப்பூசி போடவில்லை என்று சொன்னீர்கள், குட்டிக்கு டெட்டனஸ் எதிர்மருந்து வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தூத்துக்குடியில் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

மார்ச் 24, 2024

நீங்கள் அனுப்பிய படத்தில் இடது முன்கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே. வளர வளரச் சரியாகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். முழங்காலில் இருந்தால் அவகாசம் உண்டு. மணிக்கட்டில் இருந்தால் முதல் இரண்டு மூன்று மாதம்தான். அதற்குள் அந்த இடத்தில் எலும்பு வளர்ச்சி முடிந்துவிடும். இப்போதே குளம்பை ஒரு பக்கமாக அளவோடு சீவ வேண்டும். அதற்குத்தான் லாடக்காரர்.

ஏரல் பக்கம் லாடம் அடிக்க ஆள் இருக்கிறார், ஆனால் குட்டியின் குளம்பைத் தொட மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கமும் அதே கதைதான். மாட்டுக்கு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரிய குதிரைக்கு அடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர், குட்டிக் கால் பார்க்கத் தெரிந்தவர் அபூர்வம். போலோ எழுதியதில் இன்றுவரை உண்மையாக இருப்பது இந்த ஒரு வரிதான். மண்ணைப் பற்றிய வரியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். லாடக்காரரைப் பற்றிய வரியை யாரும் சொல்வதில்லை. பந்தயத்துக்கு லட்சக்கணக்கில் பரிசு வைக்கிற ஊர்களில் நாலு இளைஞர்களை இந்தத் தொழிலுக்குப் பழக்கினால் எத்தனை கால்கள் பிழைக்கும். எழுதும்போதே மனசு ஆறவில்லை.

டாக்டர் சீவுவார் என்றால் அவரையே கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ஏப்ரல் 21, 2024

சீவிய பிறகு எடுத்த படம் நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு முறை செய்ய வேண்டும். வெயில் ஏறிவிட்டது, பகலில் வேப்பமரத்தடியில் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டி குட்டிக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். கல்யாணி தாயின் தொட்டியில் கொள்ளு பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஊறவைத்து வேகவைத்த கொள்ளு கொஞ்சம், அதிகம் புல். குட்டியைக் கொழுக்க வைக்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கும். வேகமாக எடை ஏறினால் காலுக்குத்தான் கேடு.

ஜூலை 21, 2024

அந்தியூர்ச் சந்தைக்குத் தாயையும் குட்டியையும் கூட்டி வரலாமா என்று கேட்கிறீர்கள். இந்த ஆடிக்கு வேண்டாம். சீம்பாலில் வந்த பாதுகாப்பு இந்த வயதில் தீர்ந்திருக்கும். பல ஊர்க் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிற இடத்தில் தாடைக்கழலை தொற்றினால் தொண்டை வீங்கிச் சீழ் பிடித்துவிடும். அதோடு இப்போதுதான் தாயிடமிருந்து பிரிக்கிற பருவம். பிரிப்பது, பயணம், கூட்டம் மூன்றையும் ஒரே வாரத்தில் அதன் தலையில் ஏற்ற வேண்டாம். வீட்டிலேயே பிரியுங்கள், பக்கத்தில் ஒரு வயதான குதிரையோ ஆடோ துணைக்கு இருக்கட்டும்.

நீங்களும் அப்பாவும் மட்டும் வாருங்கள். திருப்பூர்ப் பக்கமிருந்து குட்டிக் கால் பார்க்கத் தெரிந்த லாடக்காரர் ஒருவர் சந்தைக்கு வருகிறார், அறிமுகம் செய்துவைக்கிறேன். ஏரல் வரை வர ஒத்துக்கொண்டார். பயணச் செலவை உங்கள் ஊர்க் குதிரைக்காரர்கள் நாலைந்து பேர் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். யார் யார் சேர்கிறார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள், அவர் அதற்குத் தகுந்த மாதிரி சாமான் எடுத்து வர வேண்டும்.